ஏலம் கேட்பவனும் இசை கேட்பவனும்

தமிழில் இசையையும் கேட்கிறோம், ஏலத்தையும் கேட்கிறோம். 'ஏலம்' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். 'கேள்' நம்முடையது. ஒரே வினைச்சொல் இரண்டு காரியங்களையும் செய்கிறது. பழைய இசைத்தட்டுகளை இணைய ஏலத்தில் வாங்குகிறவர்களின் உலகில் இந்த இரண்டு கேட்டல்களும் ஒன்றுக்கொன்று பகையாக நிற்கின்றன. ஒரு தட்டு எவ்வளவுக்கெவ்வளவு இசையாகக் கேட்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அதை ஏலத்தில் கேட்பார் இல்லை. சில வருஷங்களாக இந்த ஏலங்களில் பங்குகொண்டும், அதைவிட அதிகமாக வேடிக்கை பார்த்தும் வருகிற எனக்கு, இது வியாபார விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடியதாகப் படவில்லை. விமர்சனம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதன் பிரச்னையும் இங்கே இருக்கிறது.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு பேசலாம். யோஹானா மார்ட்ஸி. இன்று ருமேனியாவில் இருக்கும் டெமஷ்வாரில் 1924இல் பிறந்தவர். புடாபெஸ்டில் ஹூபாயிடம் வயலின் கற்றார். 1947இல் ஜெனீவாப் போட்டியில் முதல் பரிசு. 1950களின் நடுவில், இங்கிலாந்தின் கொலம்பியா லேபிளுக்காக, பாஹ் தனி வயலினுக்கு எழுதிய ஆறு படைப்புகளையும் மூன்று நீண்ட தட்டுகளில் வாசித்துக் கொடுத்தார். எண்கள் 33சிஎக்ஸ் 1286, 1287, 1288. பக்கவாத்தியம் கிடையாது. ஒரு வயலின், நான்கு தந்திகள், மோனோ. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் பெரிய கம்பெனிகளில் அவர் பதிவு செய்வது அநேகமாக நின்றுபோயிற்று. 1958 வாக்கில் ஸ்டீரியோ வந்ததும் மோனோத் தட்டுகள் பழைய சரக்காகிவிட்டன. மார்ட்ஸி 1979இல் ஸ்விட்ஸர்லாந்தில் காலமானார்.

இன்று அந்த மூன்று தட்டுகளின் முதல் பதிப்பு, நல்ல நிலையில், ஏலத்துக்கு வந்தால் பல ஆயிரம் பவுனுக்குப் போகிறது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் கேட்கிறார்கள். அதே வாசிப்பு பின்னால் மறுபதிப்பாகத் தட்டிலும் குறுந்தகட்டிலும் வந்துவிட்டது. இணையத்தில் காசில்லாமலே கேட்கலாம். ஆக, இசைக்காக என்றால் யாரும் இந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. அரிதாக இருப்பதற்குத்தான் விலை. அப்பொழுது போதிய பேர் வாங்காததால்தான் இப்பொழுது அரிது. இது நமக்குத் தெரியாத கதையல்ல. செல்லப்பா 'எழுத்து'வை (1959-70) எப்படி நடத்தினார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கெல்லாம் அலைந்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்று வாங்காதவர்களின் எண்ணிக்கைதான் இன்று அந்தப் பழைய இதழ்களுக்குக் கிடைக்கும் கௌரவத்தின் அஸ்திவாரம் என்று சொன்னால் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

ஏலத்தில் தட்டு கைக்கு வருவதில்லை. முதலில் வருவது உரைநடை. விற்பவர் எழுதும் விவரம், கூடவே சில புகைப்படங்கள். இந்த உரைநடையை ஒரு இலக்கிய வகையாகவே நான் படித்துவருகிறேன். இதற்கு இலக்கணம் உண்டு. அமெரிக்காவில் 'கோல்ட்மைன்' பத்திரிகை வகுத்த படிநிலை. இங்கிலாந்தில் 'ரிக்கார்ட் கலெக்டர்' வகுத்தது சற்று வேறு. அமெரிக்கக் கணக்கில் உச்சியில் 'மின்ட்'. அதற்கடுத்து 'நியர் மின்ட்', 'வெரி குட் ப்ளஸ்', 'வெரி குட்'. இதற்கெல்லாம் கீழே வருகிறது 'குட்'. 'குட்' என்றால் கீறலும் இரைச்சலுமாக, ஊசி தாண்டாமல் ஓடினால் பாக்கியம் என்று அர்த்தம். நம் மதிப்புரைப் பக்கங்களில் 'நல்ல கவிதைகள்' என்ற வார்த்தைக்கு எந்த அர்த்தம் உண்டோ அதே அர்த்தம். புகழ்ச்சொற்கள் பணவீக்கத்தில் மாட்டிக்கொண்டால் எல்லா பாஷையிலும் ஒன்றுபோலத்தான் தேய்கின்றன.

'மின்ட்' என்பது நாணயசாலை. இன்னும் யார் கையிலும் புழங்காத காசு. அதாவது, எந்த உபயோகத்துக்காகப் பிறந்ததோ அந்த உபயோகத்துக்கு வராத வஸ்து. பாஹ் 1720இல் தம் கையால் படியெடுத்த இசை, ஒரு பெண் தன் முப்பதாவது வயதை ஒட்டி அதற்குக் கொடுத்த வாசிப்பு, அதை ஒருவர் வாங்கி உறையிலிருந்து எடுக்காமலே வைத்திருந்தது. இந்த மூன்றில் கடைசிக் காரியத்துக்கே உச்ச மதிப்பெண். பெரும்பாலான விற்பவர்கள் போட்டுக் கேட்டுத் தரம் எழுதுவதுமில்லை. பிரகாசமான விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்து எழுதுகிறார்கள். 'பார்வையில் தரப்படுத்தியது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நேர்மைக்கும் குறைவில்லை. கேட்டு எழுதுகிறவர்களோ இரைச்சலை மட்டும் கேட்கிறார்கள். இரண்டாம் பக்கம், மூன்றாவது நிமிஷத்தில் ஏழு தடவை 'டிக்'. அவர் வயலினைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். குறை தேடிக்கொண்டிருக்கும் காதுக்கு வயலின் ஒரு தொந்தரவு.

இந்த உரைநடையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி வேறு. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் இருக்கும். அதில் கண்ணுக்குச் சட்டென்று படாத எழுத்துகள் பதிந்திருக்கும். இந்த இங்கிலாந்துத் தட்டுகளில் லேபிளுக்குக் கீழே மேட்ரிக்ஸ் எண். இடப்பக்கம், எந்தத் தாய்த்தகட்டிலிருந்து வந்தது என்று ஒரு எண். வலப்பக்கம், எந்த அச்சுத்தகட்டால் அழுத்தப்பட்டது என்று ஒன்றிரண்டு எழுத்து. அந்த எழுத்துகளுக்கு ஒரு சங்கேதம் உண்டு. கிராமபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் பத்து எழுத்து வரும்: ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி, கடைசியாக இன்னொரு டி. முதல் ஒன்பதும் 1 முதல் 9 வரை. கடைசி எழுத்து பூஜ்யம். 'ஜி' மட்டும் இருந்தால் முதல் அச்சுத்தகடு. 'ஜிஆர்' என்றால் பன்னிரண்டாவது. நம் கடபயாதி இதேதான். மாயாமாளவகௌளையின் 'மா'வுக்கு ஐந்து, 'யா'வுக்கு ஒன்று, திருப்பிப் போட்டால் பதினைந்தாவது மேளம். எண்ணைப் பெயருக்குள் ஒளித்துவைக்கும் ஆசை தீட்சிதர் பரம்பரைக்கும் லண்டன் தொழிற்சாலைக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

இதைப் பரிகசிப்பது என் நோக்கமில்லை. அச்சுத்தகடு அழுத்த அழுத்தத் தேயும். முதலில் அழுத்திய பிரதியில் அசலின் கூர்மை அதிகம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. நீலத்தில் பொன்னெழுத்து லேபிளைத் தேடுகிறவன் வெறும் காகிதத்தைத் தேடவில்லை. பாடபேதம் பார்க்கிற பண்டிதனின் காரியத்தைத்தான் செய்கிறான். ஆனால் சுவடி ஆராய்ச்சி எங்கே முடிந்து ரசனை எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்ற கேள்வி அவனுக்கு எழுவதில்லை. நம் பண்டிதர்களுக்கும் எழுந்ததில்லை.

ஏலத்தின் விதியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஈபேயில் நீங்கள் அதிகபட்சம் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகையை எழுதிவைக்கிறீர்கள். அது ரகசியம். எதிரில் இன்னொருவர் கேட்கக்கேட்க, உங்கள் சார்பாக இயந்திரம் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போகும். கடைசியில் ஜெயித்தவர் கொடுப்பது, தோற்றவர்களில் முதல்வர் கேட்ட தொகைக்கு மேல் ஒரு படி. ஆகவே ஜெயித்தவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது வெளியே வருவதேயில்லை. விலை என்று பதிவாவது தோற்றவனின் ஆசை. 'மார்ட்ஸிக்கு இன்ன விலை' என்று அடுத்த ஏலக்காரர் மேற்கோள் காட்டும்போது, தட்டு கிடைக்காமல் போன யாரோ ஒருவரின் வார்த்தையைத்தான் காட்டுகிறார்.

பல நாள் ஏலம், கடைசி பத்து வினாடியில்தான் உயிர்பெறும். முன்னால் கேட்டால் விலை ஏறும் என்று எல்லோரும் மௌனமாக இருப்பார்கள். கடைசி நொடியில் கேட்பதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. ஆள் தூங்கிக்கொண்டிருக்க, அவன் ஆசை விழித்திருந்து கேட்கும். 1985இல் எரிந்துபோகும்வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக்காரன் நம் முகத்தைப் பார்த்து விலை சொன்னான். கண்ணில் ஆவலைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. இங்கே முகமில்லை. ஆவலை மறைக்கும் வித்தை மட்டும் பாக்கியிருக்கிறது.

வால்டர் பெஞ்சமினை இங்கே இழுத்துவருவது சுலபம். யந்திரப் பிரதிகளின் காலத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் வாடிப்போகிறது என்றார். இப்போது பிரதியின் தலைக்குப் பின்னாலேயே ஒளிவட்டம் முளைத்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அதே பெஞ்சமின் 1931இல் தம் நூலகத்தைப் பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதியபோது ஏலங்களைப் பற்றியும் எழுதினார். அவர் பார்வையில் சேகரிப்பவன் பொருளை உபயோகத்திலிருந்து விடுவிக்கிறவன். புத்தக விஷயத்தில் இது செல்லும். வெட்டாத பக்கங்களுடன் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் வெட்டிப் படிக்கலாம், எழுத்து தேயாது. தட்டு அப்படியில்லை. ஒவ்வொரு தடவை கேட்பதும் அதை அணுவளவு தின்கிறது. ஒன்றைக் காப்பாற்றுவதா, அறிவதா என்ற கேள்வி இங்கே ஸ்தூலமாகவே ஊசிமுனையில் நிற்கிறது.

மார்ட்ஸி தட்டுகளில் இது எங்கே உச்சமடைகிறது என்று பாருங்கள். இரண்டாவது பார்ட்டிட்டாவின் கடைசிப் பகுதி சகோன். தனி வயலினுக்கு எழுதப்பட்டவற்றில் இதற்கு மேல் ஒன்றை நான் அறியேன். டி மைனரில் தொடங்கி, நடுவில் மேஜருக்கு மாறி, ஏதோ மன்னிக்கப்பட்டதுபோல் சற்று நேரம் நின்று, மறுபடி மைனருக்கே திரும்பும் கால் மணிநேரம். கடைசிப் பகுதியாதலால் தட்டிலும் உள்வட்டத்தில் வந்து சேர்கிறது. நிமிஷத்துக்கு முப்பத்துமூன்றே மூன்றில் ஒரு சுற்று என்ற கணக்கு மாறுவதில்லை. ஆனால் வெளிவட்டத்தில் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் ஓடுகிறது, உள்வட்டத்தில் 20 செ.மீ.தான். அதே அளவு சங்கீதம் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கியடித்து எழுதப்பட வேண்டியிருக்கிறது. ஊசி சிரமப்படுவதும், பள்ளம் முதலில் சிதைவதும் அங்கேதான். 1950களின் பிக்கப்கள் இன்றையவற்றைவிடப் பலமடங்கு கனமானவை வேறு. ஆக, கேட்பதற்கு எது மிக முக்கியமோ அதை வஸ்துவின் மிகப் பலவீனமான இடத்தில் வைத்திருக்கிறார்கள். சகோன் தேயாத பிரதிக்குப் பல ஆயிரம் பவுன் என்றால், சகோனை அதிகம் கேட்காத வீட்டுக்கு அந்தப் பணம் போகிறது.

என்னிடம் அந்தத் தட்டுகள் இல்லை. வரப்போவதுமில்லை. என்னிடம் இருப்பது அதே வரிசையில் 33சிஎக்ஸ் 1165, ப்ராம்ஸ் வயலின் கான்செர்ட்டோ, மார்ட்ஸியுடன் பில்ஹார்மோனியா வாத்தியக் குழு, நடத்துநர் பால் க்ளெட்ஸ்கி. விற்றவர் 'குட்' என்று போட்டிருந்தார். என்னைத் தவிர ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் அரைமனதாக. தபால் செலவு தட்டின் விலையைவிட அதிகம். லேபிளின் மத்தியத் துளையைச் சுற்றி மெல்லிய கோடுகள், தட்டை இறக்கும்போது துளையைத் தேடித் தடவிய அச்சாணியின் தடங்கள். சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி மார்க் குறைக்கும் தடங்கள் இவை. எண்ணிப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

முதல் பக்கம் நீளமான முதல் பகுதி. அது கறுப்பாகப் பளபளவென்று அநேகமாகப் புதிதாகவே இருக்கிறது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினால் வெளிப்புறப் பாதி முழுதும் சாம்பல் பூத்திருக்கிறது. அடாஜியோ அங்கேதான். அதற்கப்புறம் வரும் துள்ளலான கடைசிப் பகுதி மறுபடி கறுப்பு. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் இந்தத் தட்டை எடுத்து, முதல் பக்கத்தைத் தொடாமல், இரண்டாம் பக்கத்தில் அடாஜியோ முடியும்வரை கேட்டு, ஊசியைத் தூக்கியிருக்கிறார். திரும்பத் திரும்ப. அந்த அடாஜியோவில் முதலில் வருவது வயலின் அல்ல, ஓபோ. அழகான மெட்டு முழுவதையும் ஓபோ வாசிக்க நான் கையில் வயலினுடன் சும்மா நிற்பதா என்று சரசாத்தே கேட்டதாகச் சொல்வார்கள். மார்ட்ஸி சும்மா நின்று, பிறகு நுழைகிறார். அந்த நுழைவு என் பிரதியில் இரைச்சலுக்கு நடுவே வருகிறது. உயர்ந்த ஸ்தாயியில் கரகரப்பு. இருந்தும் வருகிறது.

இந்தச் சாம்பல் நிறத்தை ஒரு விமர்சனமாகவே என்னால் படிக்க முடிகிறது. படைப்பின் எந்த இடம் பொருட்படுத்தத் தக்கது என்று ஒருவர் தம் நேரத்தைச் செலவழித்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதி வேண்டாம் என்பது எனக்கு உடன்பாடில்லை. முதல் பகுதியில் கடென்ஸாவுக்குப் பிறகு வயலின் திரும்ப மெட்டை எடுக்கும் இடத்தை எப்படி விட்டார் என்று அவரோடு சண்டை போடவும் தோன்றுகிறது. 'நியர் மின்ட்' பிரதியோடு சண்டை போட முடியாது, அதற்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. சந்தையில் இரண்டுக்கும் நடுவே எத்தனை மடங்கு வித்தியாசம் என்பதைப் பார்க்கும்போது, நம் சூழலில் அபிப்பிராயம் இல்லாதவர்களுக்கு ஏன் இவ்வளவு நல்ல விலை கிடைக்கிறது என்பதும் கொஞ்சம் புரிகிறது.

நான் இப்போது முதல் பக்கத்தைப் போட ஆரம்பித்திருக்கிறேன். என் பிக்கப் இரண்டு கிராம்தான், அது சாம்பலாகப் பல வருஷம் ஆகும். என்றாவது இதை ஏலத்துக்கு விட வேண்டி வந்தால் இரண்டாம் பக்கம், முதல் ஒன்பது நிமிஷம், தேய்வு என்று எழுதுவேன். தரம் எந்தப் படி என்பதை வாங்குகிறவர் போட்டுக்கொள்ளட்டும்.