நம்பிக்கை 1939இல் முடிகிறதா?

வில்னியஸ் கைநழுவியதால் லித்துவேனியா தனது தற்காலிகத் தலைநகராகக் கொண்டது கௌனாஸை. தற்காலிகம்தானே என்டு யாரும் சும்மா இருக்கவில்லை. இருபது வருஷத்துக்குள் வங்கியும் தபாலகமும் அடுக்குமாடி வீடுகளும் நவீன பாணியில் எழுந்தன. தாத்தாரிய முஸ்லிம்களும் 1933இல் செங்கல் பள்ளிவாசலொன்றைக் கட்டி முடித்தார்கள்.

2023இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக ஏற்றபோது சூட்டிய பெயர் 'நவீனத்துவக் கௌனாஸ்: நம்பிக்கையின் கட்டடக்கலை, 1919–1939'. நம்பிக்கை என்ற சொல்லில் எனக்குப் பிணக்கில்லை; அந்த ஆண்டெல்லைதான் உறுத்துது. 1941 ஒக்டோபர் 29ஆம் திகதி ஒரே நாளில், ஒன்பதாம் கோட்டையில் அந்நகரத்து யூதர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கௌனாஸை வளர்த்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. சுவரை மெச்சிவிட்டு, அங்கே வாழ்ந்தவனை எல்லைக்கு வெளியே விட்டால் அது அரைகுறை வாசிப்புத்தான்.