பொஸ்டன் தேயிலையும் தோட்டத்துத் துண்டும்

இலங்கையின் தரம் 11 வரலாற்றுப் பாடநூலில் உலகப் புரட்சிகளைப் பற்றிய அலகில் அமெரிக்கச் சுதந்திரப் போரும், பிரெஞ்சுப் புரட்சியும், ரஷ்யப் புரட்சியும் அடுத்தடுத்து வருகின்றன. பெரிய செய்திகள் சிறிய இடத்துக்குள் அடைக்கப்பட்டிருப்பதால், பாடநூல் விட்ட இடத்தை நிரப்புவதற்கு ஒப்படை கைகொடுக்கிறது. ஒப்படை என்பது மாணவர் தாமே தகவல் திரட்டி, ஆக்கி, ஆசிரியரிடம் ஒப்புவிக்கும் பணி. பிரிஸ்டல் போர்டில் படம் ஒட்டித் தலைப்பெழுதிய காலம் போய், கைப்பேசியில் தொகுத்த காணொளியாகவும், படங்களுக்குக் குரல் சேர்த்த கதையாகவும், இடங்களைக் குறித்துக் காட்டும் நிலப்படமாகவும் அது மாறி வருகிறது. எண்ணிம வரலாற்றுச் செயற்றிட்டம் என்று இதனைச் சுட்டலாம். பிறர் எழுதிய வரலாற்றை மனனம் செய்து ஒப்புவித்த மாணவரை வரலாற்றை ஆக்குபவராக இம்முறை மாற்றுகிறது என்பது அதன் ஆதரவாளர்களின் கூற்று. மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் அமெரிக்க வரலாற்றை இம்முறையில் கற்கும் மாணவருக்கு அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த அலகில் முதலில் கண்ணில் படுவது தேயிலைதான். 1773 டிசம்பர் 16 ஆம் திகதி பொஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டித் தேயிலையைக் குடியேற்றவாசிகள் கடலில் கொட்டினர். கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சலுகையளித்த தேயிலைச் சட்டத்துக்கும், தமது ஒப்புதலின்றி விதிக்கப்பட்ட வரிக்கும் எதிரான செயல் அது. இந்நிகழ்வைப் பற்றிக் காணொளி செய்யப் புகும் மாணவருக்கு, துறைமுகக் காட்சிக்குப் பின்னால் பச்சை மலைச்சரிவையும் கூடை சுமந்த பெண்களையும் சேர்த்து, நமது தேயிலை உலகையே அசைத்தது என்று தலைப்பிடுவதற்கான ஈர்ப்பு மிக வலிது. தொகுப்புச் செயலிகள் அதனை நான்கு நிமிட வேலையாக்கி விடுகின்றன. ஆனால் கடலில் விழுந்தது சீனத் தேயிலை. அன்று ஹட்டனும் நுவரெலியாவும் கண்டி இராச்சியத்துக்குள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியில் இருந்தன. கண்டி ஆங்கிலேயர் வசமானது 1815 இல். அதற்குப் பின் கோப்பி வந்து, அது இலைநோயால் அழியத் தொடங்குவதற்குச் சற்று முன்புதான், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இந்தத் தொண்ணூற்று நான்கு ஆண்டு இடைவெளியைக் கண்டு திகைக்கும் மாணவர் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டார். காணாமல் கடந்து செல்பவரிடம் அழகான காணொளி ஒன்று மட்டும் இருக்கும். இரண்டையும் திரையில் பார்ப்பவரால் எளிதில் பிரித்தறிய முடியாது என்பதே இம்முறையின் அடிப்படைக் குறை.

அமெரிக்காவில் இக்குறையை முன்னுணர்ந்து விதி வகுத்தவர்கள் உண்டு. கிளீவ்லண்ட் நகரின் கேஸ் வெஸ்டர்ன் ரிசேர்வ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வான் டாசல் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1974 இல் தொடங்கிய தேசிய வரலாற்று நாள் என்னும் மாணவர் போட்டி இன்று அந்நாட்டின் எல்லா மாநிலங்களுக்கும் பரவியுள்ளது. அதில் ஆவணப்படம் 10 நிமிடத்தையும், இணையத்தளத்தில் மாணவர் எழுதும் பகுதி 1,200 சொற்களையும் தாண்டக்கூடாது. ஆக்கத்தோடு, தலைப்பை ஏன் தெரிந்தார், எப்படித் தேடினார் என்று விளக்கும் செயன்முறைக் குறிப்பும், ஒவ்வொரு சான்றும் எதற்குப் பயன்பட்டது என்று கூறும் சான்றுப் பட்டியலும் இணைக்கப்பட வேண்டும். மதிப்பீட்டில் 80 வீதம் வரலாற்றுத் தரத்துக்கும் 20 வீதம் தெளிவான வெளிப்பாட்டுக்கும் உரியவை. திரைக்கு வெளியே நடந்த உழைப்பைத் திரைக்குள் இழுத்துவரும் ஏற்பாடாக இதனைக் கருதலாம்.

இப்போட்டியின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி கூறப்படுவது 1964 இல் மிசிசிப்பியில் மூன்று குடிசார் உரிமைச் செயற்பாட்டாளர்கள் கொல்லப்பட்ட வழக்கு. இலினோய் மாநிலத்துப் பாடசாலை மாணவியர் மூவர் தம் ஆசிரியரின் துணையோடு அதனை ஆவணப்படமாக்கி, சந்தேக நபரான எட்கர் ரே கிலனையே பேட்டி கண்டனர். 2005 ஜூன் 21 ஆம் திகதி, கொலை நடந்து சரியாக 41 ஆண்டுகள் கழித்து, கிலன் குற்றவாளியாகக் காணப்பட்டார். எனினும் ஜெரி மிச்செல் என்ற செய்தியாளர் அவ்வகைப் பழைய வழக்குகளைப் பல்லாண்டுகளாகத் துருவிக்கொண்டிருந்தார் என்பதும், கொல்லப்பட்டோரின் குடும்பங்கள் ஓயாமல் நீதி கோரின என்பதும் இக்கதை சொல்லப்படும்போது பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. வரலாற்றைப் பலர் சேர்ந்து சுமந்த சுமையாகக் காட்டவேண்டிய முறையே, தன்னைப் பற்றிப் பேசும்போது சிறுவர் வீரக்கதையாகச் சுருங்கிவிடுவது ஒரு வேடிக்கை.

மறுபக்கத்தில், சாம் வைன்பர்க் தலைமையிலான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 3,446 அமெரிக்க உயர்நிலை மாணவர்களிடம் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், வாக்குப் பெட்டியில் சீட்டுகளைத் திணிப்பதாகக் காட்டும் மங்கலான காணொளி ஒன்றை அமெரிக்கத் தேர்தல் மோசடிக்கு வலுவான சான்றென அவர்களுள் 52 வீதத்தினர் ஏற்றனர். அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. காணொளி செய்யத் தெரிந்திருப்பது காணொளியை ஐயுறத் தெரிந்திருப்பதற்கு உத்தரவாதமில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் பழைய நிழற்படம் போன்றதொன்றை வரைந்து தரும் இந்நாளில் இது இன்னும் கவலைக்குரியது.

படங்களைப் பொறுத்தவரை, பொய்யானவற்றால் வரும் கேட்டை விட மெய்யானவற்றால் வரும் கேடு நுட்பமானது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் நிழற்படங்களைத் தாராளமாக இணையத்தில் திறந்துவிட்டிருப்பதால், பெருமந்த காலத்தைப் பற்றிய செயற்றிட்டம் பெரும்பாலும் டொரத்தியா லாங் 1936 இல் எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்தைத் தாங்கி வரும். அந்தத் தாயின் பெயர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பது 1978 வரை உலகுக்குத் தெரியாது. மலையகத்தில் இதற்கு இணையானது மிக அருகில் இருக்கிறது. ஜூலியா மார்கரட் கமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய நிழற்படக்காரர் 1875 இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள தொழிலாளரைப் படம்பிடித்து, 1879 இல் டிக்கோயாப் பகுதியின் கிளென்கெயான் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவையில் அவரது கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது; அவர் படங்களில் நிற்கும் தொழிலாளர் பெரும்பாலும் பெயரற்றவர்கள். ஸ்கோவன், பிளாட்டே போன்ற நிழற்பட நிறுவனங்கள் விற்ற தோட்டக் காட்சிகளும் துரைமாரும் பயணிகளும் வாங்குவதற்காக எடுக்கப்பட்டவையே. இணையத்தில் தேடி எடுத்த படத்தை வைத்துத் தன் பூட்டியின் கதையைச் சொல்லும் மாணவி, அவளைத் துரையின் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை யாரேனும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

யார் பார்க்கிறார் என்பதைப் போலவே யார் கேட்கிறார் என்பதும் சான்றை மாற்றிவிடும். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ், முன்னாள் அடிமைகள் 2,300 பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழிகள் பதிவாயின. அவையும் இன்று இணையத்தில் உள்ளன. சார்ள்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை 1937 இல் இருவர் தனித்தனியே கண்டு எழுதினர். வெள்ளையரான ஜெசி பட்லரிடம், தன் எசமானர் நல்லவர் என்ற தொனியில் அவர் பேசினார். கறுப்பினத்தவரான ஒகஸ்டஸ் லாட்சனிடம் சவுக்கடிகளையும், தாயிடமிருந்து பிள்ளைகள் பிரித்து விற்கப்பட்ட கொடுமையையும் கூறினார். முதலாவதை மட்டும் எடுத்து ஒரு காணொளியும், இரண்டாவதை மட்டும் எடுத்து மற்றொரு காணொளியும் செய்யலாம்; இரண்டும் முதன்மைச் சான்றைக் கொண்டவை என்று புள்ளி பெறும். இரண்டையும் எதிரெதிரே வைத்து, கேட்டவர் யார், நிவாரண உதவி கிடைக்கும் என்று மூதாட்டி எண்ணியிருப்பாரா என்றெல்லாம் வினவுவதற்கே பயிற்சி தேவை.

இந்த இடத்தில் தோட்டத்து மாணவருக்கு நகர மாணவருக்கில்லாத ஒரு வாய்ப்பு உண்டு. தாயோ தந்தையோ கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலைக்குப் போய்விட, பாட்டியின் கையில் வளரும் பிள்ளைகள் தோட்டங்களில் பலர். லயத்துக் காம்பராவில் சான்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெரட்டுக்களத்தில் பேர் போட்ட முறை, கொழுந்து நிறுக்கையில் கழித்த கிலோ, காமன் கூத்துக்கு ஊரே கூடிய இரவு, உறவினரை இந்தியாவுக்கு அனுப்பத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சி ஆகியவை அங்கே கிடைக்கும். பலகையில் ஆங்கிலப் பெயரும் மக்கள் வாயில் தமிழ்ப் பெயருமாகத் தோட்டங்களும் மலைகளும் இரட்டை வழக்கில் வாழ்வதால், அவற்றை நிலப்படத்தில் குறிப்பதே ஓர் ஆய்வாகிவிடும். அதேவேளை அந்தப் பாட்டியும் சூசன் ஹாம்லினைப் போலவே பேரப்பிள்ளையிடம் ஒன்றும், தொழிற்சங்கக்காரரிடம் வேறொன்றும், வெளியூர் ஆய்வாளரிடம் மற்றொன்றும் சொல்லக்கூடும். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களையோ, சாதி குறித்தோ, பிரிந்துபோன குடும்பத்தைக் குறித்தோ மௌனம் காக்கவும் கூடும். லயத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால், அவர் சொன்னதை இணையத்தில் ஏற்றுமுன் அவரிடம் இணக்கம் கேட்பது மரியாதையோடு பாதுகாப்பும் சார்ந்த செயல்.

அமெரிக்க வரலாறு தோட்டத்து மாணவருக்கு உண்மையில் பயன்படும் இடம் தேயிலைப் பெட்டியில் இல்லை, கடன் கணக்கில் இருக்கிறது. 1865 இல் அடிமை முறை ஒழிந்தபின் தென் மாநிலப் பருத்தி வயல்களில் வாரமுறை நிலைபெற்றது. நிலம் உடைமையாளருடையது, உழைப்பு விடுதலை பெற்ற குடும்பத்துடையது, விளைச்சலில் பாதியளவு உடைமையாளருக்கு. அறுவடை வரும்வரை மாவும் துணியும் கடனுக்கு வாங்கப்பட, கணக்குப் புத்தகம் கடன் கொடுத்தவர் கையிலேயே இருந்தது. இலங்கையில் தொழிலாளரைத் திரட்டிய கங்காணி கொடுத்த முற்பணம் கரை சேருமுன்பே தொழிலாளியின் தலையில் ஏறியது. துண்டு என்பது, இன்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆளை எடுக்க, கடன் ஆளோடு தோட்டம் மாறியது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி அறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது சிறைக்குரிய குற்றமாயிற்று. முற்பணம் பெற்றபின் வேலையை விட்டவரை மோசடிக்காரராக ஊகித்த அலபாமா மாநிலச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1911 இல் தள்ளுபடி செய்தது. இலங்கையில் துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது.

இவ்வளவு ஒற்றுமை கண்டதும் இரண்டும் ஒன்றே என்று படங்களை அருகருகே ஒட்டுவதற்குத் திரை தூண்டும். ஆனால் கற்க வேண்டியது வேற்றுமையில் கிடக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தம், அந்நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டு அம்மண்ணில் பிறந்தவர் அதன் குடிமக்கள் என்று 1868 இல் அறிவித்தது. முன்னாள் அடிமைகளும் அவர்தம் வழிவந்தோரும் குடியுரிமையைப் பெற்றார்கள், ஆனால் தென் மாநிலங்களில் தலைவரியாலும் எழுத்தறிவுச் சோதனையாலும் வாக்கை இழந்து, 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருந்தார்கள். மலையகத் தமிழரோ 1931 முதல் நிபந்தனைகளோடு வாக்களித்து, 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ மெய்ப்பிக்கக் கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாயிருந்த லயங்களில் அதற்கான கடதாசி இல்லை. மறு ஆண்டு வாக்கும் போயிற்று. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை இழுபட்டது. அங்கே குடியுரிமை இருந்தும் வாக்கு பறிபோயிற்று. இங்கே வாக்கு இருந்தபோதே குடியுரிமை பறிபோயிற்று. இரு நேர்கோட்டுக் காலவரைபுகளை ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிட்டால், இந்தத் தலைகீழ் வரிசை பாடநூலின் எந்தப் பந்தியையும் விடக் கூர்மையாகத் தெரியும். எண்ணிம வடிவம் தன் கூலிக்கு உழைக்கும் அரிய இடம் இதுவே.

ஆனால் அந்த வரைபை நிரப்பும் ஆவணங்கள் மாணவருக்கு எட்டும் தூரத்தில் இல்லை. அமெரிக்கச் சான்றுகள் இணையத்தில் கொட்டிக் கிடந்தாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மலையகச் சான்றுகள் கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் பெட்டிகளில் இருக்கின்றன. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் லயத்திலேயே 2007 இல் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும், 2005 முதல் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனமும் இவ்வெற்றிடத்தைச் சிறிது நிரப்புகின்றன. குடும்பத்துக்கு ஒரு கைப்பேசி, தீர்ந்துபோகும் டேட்டா, மலையுச்சி ஏறினால் மட்டும் கிடைக்கும் சமிக்ஞை ஆகியவற்றோடு பணி செய்யும் மாணவரின் காணொளி, வசதியுள்ள மாணவரின் காணொளிக்குப் பக்கத்தில் மங்கலாகவே தெரியும். புள்ளி மினுக்கத்துக்கு வழங்கப்படும் வரை, அது அவரது வறுமைக்கு வழங்கப்பட்ட புள்ளியாகவே இருக்கும். செயன்முறைக் குறிப்பைக் கையால் தமிழில் எழுதச் சொல்லி அதற்கே பெரும்பங்கு புள்ளி ஒதுக்கலாம். அதற்குச் செலவு ஒரு கொப்பியின் இரண்டு தாள்கள். நாற்பது பிள்ளைகளின் குறிப்புகளைப் படித்து, யாருடைய பாட்டி சொன்னது எதனோடு முரண்படுகிறது என்று பேச ஆசிரியருக்கு நேரம் ஒதுக்குவதுதான் கடினம், சாதாரண தரப் பரீட்சை வாசலில் நிற்கும்போது இன்னும் கடினம்.

ஒப்படை கையளிக்கப்பட்ட பின் நடப்பதை மதிப்பீட்டுத் திட்டங்கள் கணக்கில் எடுப்பதில்லை. பாட்டியிடம் நாற்பது நிமிடம் பதிவு செய்தால், காணொளியில் சேர்வது மூன்று நிமிடம். அதுவும் இசைக்கு இடையில். எஞ்சிய பகுதியில்தான் அவர் தடுமாறுகிறார், ஆண்டை மாற்றிச் சொல்கிறார், மௌனமாகிறார், பக்கத்து லயத்து அக்கா குறுக்கிட்டுத் திருத்துகிறார். கைப்பேசியில் இடம் போதாமல் போகும்போது முதலில் அழிக்கப்படும் கோப்பு அந்த நீண்ட பதிவுதான்.