பயத்தை வாசித்தல்: பாப் கிப்ஸனும் டெட்ராய்ட் ரசிகர்களும்

விளையாட்டு ரசிகனைப் பற்றி நம் விமர்சகர்களிடம் இரண்டு கருத்துகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, அவன் ஏமாந்தவன்; கூலியையும் விலைவாசியையும் மறக்க அதிகாரம் ஊட்டிய மயக்கமருந்தைச் சாப்பிட்டவன். மற்றது, அவன் கொண்டாட்டக்காரன். மேட்டிமைக் கலாச்சாரத்தைக் கலைத்துப்போடும் வெகுமக்கள் கலாச்சாரத்தின் பிரதிநிதி. எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. ஆட்டம் நடக்கும்போது கத்திக்கொண்டிருப்பவனாக மட்டுமே ரசிகனைப் பார்க்கின்றன. ஆட்டத்துக்கு முந்தின இரவில் அவன் என்ன செய்கிறான்? எதிரணியில் யாராலும் தொடமுடியாத ஒருவன் மறுநாள் பந்தெறியப் போகிறான், 'நாளைக்கு நம்ம கதை முடிஞ்சுது' என்று நன்றாகத் தெரிந்திருக்கும் இரவில்? மயங்கிக் கிடப்பவனுக்கு அப்படி ஒரு இரவு வராது. கொண்டாட்டக்காரனுக்கு அங்கே வேலையில்லை.

அந்த இரவில் ரசிகனிடம் இருப்பது பயம். அந்தப் பயமும் ஒரு வாசிப்புதான். அதற்குள் அறிந்தது எது, கட்டி ஊட்டப்பட்டது எது என்று பிரித்துப் பார்ப்பது விமர்சனத்தின் வேலை. இங்கே எடுத்துக்கொள்ளும் பிரதி 1968 அக்டோபர், டெட்ராய்ட் நகரம், எதிரே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கறுப்பினப் பந்தெறியாளர் பாப் கிப்ஸன்.

1

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் எப்பேர்ப்பட்ட வேகப்பந்து வீச்சாளரும் ஆறு பந்து போட்டதும் ஒதுங்கியாக வேண்டும். மறுமுனையிலிருந்து வேறொருவர் வருவார். மட்டையாளர் மூச்சு விட்டுக்கொள்ளலாம். பேஸ்பாலில் அந்த இடைவெளி இல்லை. பந்தெறிபவர், அவர்கள் வழக்கில் பிட்ச்சர், அறுபது அடி ஆறு அங்குலத் தூரத்தில், மண் குவித்துக் கட்டிய ஒரு மேட்டின் மேல் நின்று ஒவ்வொரு பந்தையும் தானே எறிகிறார். களைத்தால் மாற்றாளை அனுப்பலாம். ஆனால் 1968 பருவத்தில் கிப்ஸன் தொடங்கிய 34 ஆட்டங்களில் 28ஐ அவரே கடைசிப் பந்துவரை எறிந்து முடித்தார். அவர் கணக்கில் விழுந்த ரன்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.12. மூன்று ரன்னுக்குள் நின்றாலே நல்ல பிட்ச்சர் என்பார்கள். 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிட்ச்சர்கள் சில நாள் இடைவெளிவிட்டு முறைவைத்து எறிவார்கள். ஆகவே எந்த நாளில் யார் வருகிறார் என்பது முன்கூட்டியே தெரியும். மற்ற விளையாட்டுகளில் தோல்வி ஆட்டத்தின் நடுவில் வந்து சேருகிறது. இங்கே அது தேதி குறித்துக்கொண்டு வருகிறது. ரசிகன் நாட்காட்டியைப் பார்த்துப் பயப்படுகிறான்.

அமெரிக்காவின் இரு பெரும் லீகுகளில் முதலிடம் பிடித்த அணிகள் மோதும் உலகத் தொடரில் ஏழு ஆட்டங்கள்; முதலில் நான்கை வெல்பவர்கள் சாம்பியன். அக்டோபர் 2 அன்று செயின்ட் லூயிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் கிப்ஸன் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் 17 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். உலகத் தொடர் வரலாற்றில் அதுவரை யாரும் செய்யாதது. கடைசி இன்னிங்ஸில் எல் கேலைன், நார்ம் கேஷ், வில்லி ஹார்ட்டன் மூவரும் வரிசையாகப் போனார்கள். மூவரும் டெட்ராய்டின் பலமான கைகள். அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்களை வென்றிருந்த டெட்ராய்ட் பிட்ச்சர் டென்னி மெக்லெய்ன் அன்று ஒன்றும் இல்லாமல் போனார். 4–0.

நான்கு நாள் கழித்து, அக்டோபர் 6 அன்று, நான்காவது ஆட்டம் டெட்ராய்டில். மறுபடி கிப்ஸன். அன்று மழை. ஆட்டம் தாமதமாகத் தொடங்கி, நடுவிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. அன்றைய விதிப்படி, ஐந்து இன்னிங்ஸ் முடியுமுன் மழை கெடுத்துவிட்டால் ஆட்டம் செல்லாமல் போயிருக்கும். பின்தங்கியிருந்த டைகர்ஸ் நேரத்தை இழுத்தடித்தார்கள். முன்னிலையில் இருந்த கார்டினல்ஸ் சீக்கிரம் வெளியேறி ஆட்டத்தை நகர்த்தப் பார்த்தார்கள். மட்டையால் முடியாததை மழை செய்துதரட்டும் என்று ஒரு அணி வானத்தைப் பார்த்து நின்றது. மழை கைகொடுக்கவில்லை. 10–1. கிப்ஸன் பத்துப் பேரை வெளியேற்றியதோடு தானே ஒரு ஹோம் ரன்னும் அடித்தார். 1964இலிருந்து உலகத் தொடர்களில் தொடர்ச்சியாக அவருக்கு இது ஏழாவது வெற்றி.

இத்தனைக்கும் பிறகு, அக்டோபர் 10 அன்று, கடைசி ஆட்டத்தில் அவரே வரப்போகிறார் என்று தெரிந்து காத்திருந்தவன் முட்டாளா? சொந்த அணியின் பிட்ச்சரை ரசிகன் நேசிக்கிறான். எதிரணிப் பிட்ச்சரைப் படிக்கிறான். கிப்ஸனின் பந்து எந்த உயரத்தில் வந்து எந்தப் பக்கம் ஒடிகிறது, நம்ம ஆட்களில் எவன் அதைத் துரத்திக்கொண்டு போவான், எவன் பொறுப்பான் என்பதையெல்லாம் செயின்ட் லூயிஸ்காரனைவிட டெட்ராய்ட்காரன் நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டியிருந்தது. செயின்ட் லூயிஸ்காரனுக்கு கிப்ஸன் போதும், விவரம் தேவையில்லை. டெட்ராய்ட்காரனுக்கு விவரம்தான் நம்பிக்கை. ஆதிக்கத்தை அதன் பயனாளிகளைவிட அதன் கீழிருப்பவர்கள் சரியாக வாசிக்கிறார்கள் என்பதை நாம் வேறு இடங்களில் பேசியிருக்கிறோம். வீட்டு எஜமானைப் பற்றி வேலைக்காரிக்குத் தெரிவது எஜமானுக்குத் தெரியாது. மைதானத்திலும் அதே கதைதான்.

இந்தப் பயத்துக்குள் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு ஆசையும் இருக்கிறது. தோற்கக்கூடாது, ஆனால் அவன் எறிவதைப் பார்க்க வேண்டும். 'பாவி, என்னமா எறியிறான்யா' என்ற வார்த்தையில் வசவும் வியப்பும் பிரிக்கமுடியாமல் கலந்திருக்கின்றன. எதிரியின் மேன்மையை ஒப்புக்கொள்ளும் இந்த இடத்தில்தான் ரசிகன் வெறும் பக்தனாக இல்லாமல் போகிறான்.

2

ஆனால் பயம் முழுவதும் அறிவு அல்ல. கிப்ஸனைச் சுற்றி ஒரு கதையாடல் வளர்ந்தது: முறைத்துப் பார்ப்பவர், கோபக்காரர், தலையைக் குறிவைத்து எறிபவர், சிரிக்கவே தெரியாதவர். இன்றுவரை பேஸ்பால் எழுத்துகளில் இது அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த முறைப்பைப் பற்றி அவரே பின்னாளில் சொன்ன விளக்கம் வேறு. மைதானத்துக்கு வெளியே அவர் கண்ணாடி அணிபவர். தூரத்தில் கேட்சர் காட்டும் விரல் சைகை சரியாகத் தெரியாததால் கண்ணைச் சுருக்கிப் பார்த்திருக்கிறார். கிட்டப்பார்வை கோபமாக வாசிக்கப்பட்டது.

எண்களைப் பார்ப்போம். 17 பருவங்களில் கிப்ஸன் எறிந்த பந்து பட்ட மட்டையாளர்கள் 102 பேர். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு எறிந்த வெள்ளையரான டான் ட்ரைஸ்டேல், 14 பருவங்களில், கிப்ஸனைவிடக் குறைவான இன்னிங்ஸில், 154 பேரை அடித்திருக்கிறார். ட்ரைஸ்டேலைப் பற்றியும் பயக்கதைகள் உண்டு என்பது உண்மை. ஆனால் அவர் விஷயத்தில் அது ஒரு தொழில் உத்தியாகச் சொல்லப்படுகிறது. கிப்ஸன் விஷயத்தில் அது சுபாவமாக, ரத்தத்தில் ஊறியதாகச் சொல்லப்படுகிறது. ஒருவருக்கு உத்தி, மற்றவருக்கு சுபாவம்: இனவாதச் சொல்லாடலின் பழைய இலக்கணம் இது. கிப்ஸன் இந்தப் பிம்பத்தை மட்டையாளர்களுக்கு எதிராகப் பயன்படுத்திக்கொள்ளாமலும் இல்லை. கையில் திணிக்கப்பட்டதை ஆயுதமாகப் பிடித்துக்கொள்வது ஒடுக்கப்பட்டவர்கள் அறிந்த வித்தைதான். ஒமாஹாவின் வறிய குடியிருப்பில், பிறக்குமுன்பே தகப்பனை இழந்து, நோயாளிக் குழந்தையாக வளர்ந்தவர் அவர். 1994இல் வெளியான தன்வரலாற்று நூலுக்கு அவர் வைத்த பெயர் 'விளையாட்டுக்கு அந்நியன்' என்று பொருள்படும்.

இப்போது டெட்ராய்டைப் பார்க்க வேண்டும். 1967 ஜூலை 23 அன்று, 12ஆம் தெருவில் ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்ததில் தொடங்கியது அந்த நகரத்தின் கிளர்ச்சி. இராணுவம் இறங்கியது. இறந்தவர்கள் 43 பேர். அவர்களில் 33 பேர் கறுப்பர்கள். அந்தத் தெருக்களுக்கு அருகில் வளர்ந்த வில்லி ஹார்ட்டன், ஆட்டச் சீருடையைக்கூடக் கழற்றாமல் போய், கார் மேல் ஏறி நின்று மக்களை அமைதிகாக்கக் கேட்டார். அடுத்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். பேஸ்பால் பருவத்தின் தொடக்கமே தள்ளிப்போனது. இப்படிப்பட்ட ஒரு நகரத்தின் வெள்ளை ரசிகன், மேட்டின் மேல் நிற்கும் 'கோபக்காரக் கறுப்பனை' நினைத்துத் தூக்கமிழந்தபோது, அந்தப் பயம் முழுவதும் பந்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருக்க முடியுமா?

கறுப்பு ரசிகனின் காத்திருப்பு வேறு மாதிரி சிக்கலானது. டைகர்ஸ் அணி வெள்ளையரல்லாத ஒரு ஆட்டக்காரரை முதன்முதலில் களமிறக்கியது 1958இல். அன்றிருந்த பதினாறு பெரிய அணிகளில் அதைவிடத் தாமதித்தது பாஸ்டன் ஒன்றுதான். எதிரணியிலோ கிப்ஸன், லூ பிராக், கர்ட் ஃபிளட். சொந்த ஊர் ஒருபக்கம், சொந்த ஜனம் மறுபக்கம். டு பாய்ஸ் 1903இலேயே பேசிய இரட்டைத் தன்னுணர்வை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'நம்ம ஊர் ஜெயிக்கணும், ஆனா அவனை அடிச்சா நெஞ்சு வலிக்கும்' என்ற நிலையை 'ரசிகர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டு நாம் கலாச்சார ஆய்வு செய்கிறோம்.

3

கடைசி ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் வெளியே, இரு பக்கமும் ரன் இல்லை. கேஷ் அடித்தார், ஹார்ட்டன் அடித்தார். முதல் ஆட்டத்தில் வரிசையாக வீழ்ந்த அதே கைகள். அடுத்து ஜிம் நார்த்ரப் தூக்கி அடித்த பந்தை, நடு மைதானத்தில் நின்ற கர்ட் ஃபிளட் கணிக்கத் தவறினார். ஒரு அடி முன்னால் வந்து, திரும்பும்போது சறுக்கினார். பந்து தலைக்கு மேலே போனது. டெட்ராய்ட் 4–1. இரண்டே நாள் ஓய்வில் முழு ஆட்டத்தையும் எறிந்த மிக்கி லோலிச்சுக்கு அது தொடரில் மூன்றாவது வெற்றி. கிப்ஸன் ஃபிளட்டைக் குறைசொல்லவில்லை.

வழக்கமான வரலாறு இங்கே வந்து கண் கலங்கும்: எரிந்த நகரத்தைப் பேஸ்பால் ஆற்றியது என்று. அந்த இரவில் தெருக்களில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடினார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1970இல் 15 லட்சமாக இருந்த டெட்ராய்டின் மக்கள்தொகை 1980இல் 12 லட்சமானது. வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் சேர்ந்து ஆடியவர்கள் ஒரே தெருவில் வாழச் சம்மதிக்கவில்லை. கிப்ஸனை வென்றதால் ஆறக்கூடிய காயமாக அது இருக்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அந்தப் பருவத்தில் பெரிய லீகுகளின் மொத்த மட்டைச் சராசரி .237. ரன் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்று முதலாளிகள் கவலைப்பட்டார்கள். டிசம்பரில் முடிவெடுத்தார்கள். 15 அங்குலமாக இருந்த மேடு 1969 முதல் 10 அங்குலம். ஸ்ட்ரைக் எல்லையும் சுருக்கப்பட்டது. கிப்ஸன் ஒருவருக்காகவே மேட்டை வெட்டினார்கள் என்பது மிகை. ட்ரைஸ்டேலும் மெக்லெய்னும்கூட அந்த ஆண்டு மட்டையாளர்களை முடக்கியவர்கள்தான். ஆனாலும் ஆதிக்கத்தின் அடையாளமாகச் சுட்டப்பட்டது அவர் பெயர். (மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து பதினைந்தாண்டுக் காலம் கோலோச்சிய பிறகு, 1991இல் ஒரு மட்டையாளருக்கு ஓவருக்கு ஒரு பவுன்சர்தான் என்று கிரிக்கெட்டில் விதி வந்தது நினைவுக்கு வரலாம்.) மேடு தாழ்ந்த பிறகும் 1969இல் கிப்ஸன் 20 ஆட்டங்களை வென்றார், சராசரி 2.18.

மேட்டை வெட்ட அவர்களுக்கு இரண்டு மாதம் போதுமாக இருந்தது. இன்னொரு மேடும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் அதே அணிக்கே கட்டுப்பட்டவன், அணி விரும்பினால் அவனை விற்கலாம், அவனுக்கு வாய் கிடையாது என்ற 'ரிசர்வ்' ஷரத்து. அதே கர்ட் ஃபிளட், 12 ஆண்டுகள் செயின்ட் லூயிஸில் ஆடியவர், 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டார். போக மறுத்தார். தான் வாங்கி விற்கும் உடைமை அல்ல என்று பேஸ்பால் ஆணையருக்கு எழுதினார், வழக்குப் போட்டார். 1972இல் உச்சநீதிமன்றம் 5–3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவரது ஆட்ட வாழ்க்கை அதோடு போயிற்று. 1975 டிசம்பரில் வேறு இரண்டு ஆட்டக்காரர்களின் வழக்கில் நடுவர் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்த ஷரத்து உடைந்தது. வியாபாரத்துக்கு இடைஞ்சலான ஐந்து அங்குலம் மண்ணை ஒரு குளிர்காலத்தில் வெட்டியவர்கள், உழைப்பவன் கழுத்தை அழுத்திய மேட்டைப் பல தலைமுறை காத்துவந்தார்கள்.

சறுக்கி விழுந்த ஃபிளட்டையும் சட்டத்தோடு மோதிய ஃபிளட்டையும் ஒரே ஆளாக அன்றைய எத்தனை ரசிகர்கள் பார்த்தார்கள்? 'அவனுக்கென்ன, வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம் டாலர் வாங்குறான்' என்று பேசியவர்கள் நிறைய. இங்கேதான் ரசிகனின் வாசிப்பு முடிந்துபோகிறது. மேட்டின் மேல் நிற்பவனை அத்தனை கூர்மையாகப் படித்தவன், அந்த மேட்டைக் கட்டியவனையும் வெட்டியவனையும் படிக்கவில்லை. அது ரசிகனின் குறை மட்டும் அல்ல. அவனை ஏமாளி என்றோ கொண்டாட்டக்காரன் என்றோ சொல்லி நகர்ந்துவிட்ட நமக்கும் அதில் பங்கு உண்டு. 'நாளைக்கு அவன் எறியிறான்' என்று ஒருவர் கவலையோடு சொன்னால் சிரித்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்து கேட்கலாம். அவரிடம் அறிவு இருக்கிறது. அவர் எதற்குப் பயப்படுகிறார், அந்த மேடு யாருடையது என்ற இரண்டு கேள்விகளை அந்த அறிவோடு சேர்த்துவைக்க வேண்டும்.