இருதலைப்புள்: முத்திரையும் தூணும்

கொழும்பிலிருந்து வரும் பெருந்தெரு கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிப் பிலிமத்தலாவையை அடைகிறது. அங்கிருந்து தெற்கே திரும்புவோர் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே எனும் மூன்று வழிபாட்டிடங்களையும் சிறிது தூரத்துக்குள் காணலாம். இவற்றுள் எம்பெக்கே தேவாலயத்து மேளமண்டபத்தின் மரத்தூண்களில் இருதலைகொண்ட பறவை ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் எழுதுவோர் அதனை ‘இருதலைக் கழுகு’ எனக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பெயர்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இப்பெயர் ஐரோப்பிய அரக்கு முத்திரைகளின் உலகம் முழுவதையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு வருகிறது.

அவ்வுலகம் எத்தகையது? 12ஆம் நூற்றாண்டில், முகத்தை மறைக்கும் கவசம் அணிந்த வீரனை இனங்காணும்பொருட்டுக் கேடயத்தில் தீட்டிய உருவமே ஐரோப்பிய குலச்சின்னமாக வளர்ந்தது. அதே உருவம் உலோகத்தில் எதிர்மறையாக வெட்டப்பட்டு, தேன்மெழுகில் அழுத்தப்பட்டு, எழுத்தறியாத பிரபுவுக்கும் கையொப்பமாயிற்று. உரிமையாளன் இறந்தபின் அச்சினை உடைத்துவிடும் வழக்கமும் இருந்தது. இறந்தவன் பெயரால் எவரும் ஆணை பிறப்பிக்கக் கூடாதல்லவா? 16ஆம் நூற்றாண்டிலிருந்து மெழுகின் இடத்தை இந்தியாவிலிருந்து சென்ற அரக்கு பிடித்துக்கொண்டது. (நம் மொழியில் முத்திரையிடும் பொருளுக்கு இன்றும் அரக்கு என்றே பெயர், மாத்தளையின் கைவினைஞர் அதே அரக்கை நகத்தால் இழுத்துக் கைத்தடிகளுக்கு வண்ணம் ஏற்றினர்.) இருதலைக் கழுகு பேரரசனின் சின்னமாக நிலைபெற்றது சிகிஸ்மண்ட் முடிசூடிய 1433 அளவில்தான்.

தமிழருக்கும் முத்திரை புதிதன்று. நாகபட்டினத்துப் புத்த விகாரைக்கு ஊர் வழங்கிய ஆனைமங்கலச் செப்பேடுகளின் வளையத்தைப் பிணைக்கும் முத்திரையில், சோழரின் புலியுடன் பாண்டியரின் இணைகயலும் சேரரின் வில்லும் இடம்பெற்றுள்ளன. வென்றவன், தோற்றவர்களின் சின்னங்களையும் தன் வட்டத்துக்குள் அடக்கிக்கொண்டான். ஐரோப்பிய அரசர்களும் இதையேதான் செய்தனர். சிலப்பதிகாரத்தில் வரும் முத்திரையோ வேறுவகையானது. மாதவி அனுப்பிய ஓலையின் மண்முத்திரையில் கமழ்ந்த கூந்தல் மணத்தைக் கொண்டே கோவலன் அது யாருடையதென உணர்கிறான். அரசாணையாயினும் காதலோலையாயினும் முத்திரை விடையளிக்கும் வினா ஒன்றுதான்: இது யாருடையது?

இவ்வினாவைத் தூணிடம் கேட்கலாமா என்பதே திறனாய்வாளர் முதலில் சிந்திக்கவேண்டியது.

எம்பெக்கே தேவாலயம் கம்பளை அரசர் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தது, கதிர்காமக் கடவுளுக்குரியது. அதன் தூண்கள் கம்பளை அரசமண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பது மரபு. மற்போர் வீரர், நடனமாதர், கழுத்துப் பின்னிய அன்னங்கள், பொருதும் சிங்கமும் யானையும் ஆகியவற்றோடு இப்பறவையும் ஒரு சதுரத்தில் அமைந்துள்ளது. மற்றவற்றிலும் பெரிதாகவோ உயர்ந்த இடத்திலோ அன்று. முத்திரையின் சிறப்பு ஒவ்வொரு பதிவும் மற்றதைப் போலவே இருத்தல். இங்கோ உளி சதுரத்துக்குச் சதுரம் புதியதொன்றைத் தேடுகிறது.

இதனால் இப்பறவை சின்னமாகவே இந்நாட்டில் வழங்கவில்லை என்பதில்லை. கணவாய்க்குக் கீழுள்ள நான்கு கோறளையின் கொடியில் சூரிய சந்திரரும், மூன்று கோறளையின் கொடியில் ‘பேருண்ட பக்ஷய’ எனும் இதே பறவையும் இருந்தமையை ஈ. டபிள்யூ. பெரேரா 1916இல் வெளியிட்ட சிங்களக் கொடிகள் பற்றிய நூலிற் காணலாம். கொடியில் அது சின்னம், தூணில் அலங்காரம். இடம் மாறியதும் வினாவும் மாறிவிடுகிறது.

கழுகுக் கொள்கைக்குக் காலக்கணக்கும் துணைநிற்கவில்லை. தட்சசீலத்துச் சிர்க்காப்பில் கிறித்துவுக்கு அண்மிய காலத்திலேயே இருதலைப்பறவை காணப்படுகிறது. கர்நாடகத்துப் பள்ளிகாவியில் 1047ஆம் ஆண்டுக் கண்டபேருண்டத் தூண் நிற்கிறது. விஜயநகரத்து அச்சுதராயரின் நாணயத்திலும் அப்பறவை உண்டு. ஆயினும் ஐரோப்பியக் கழுகை விரட்டிவிட்டு உடனே ‘தென்னிந்தியச் செல்வாக்கு’ என எழுதி முடிப்பதும், ‘இது முற்றிலும் சிங்களக் கலையே’ என மறுப்பதும் ஒரே தவற்றின் இரு வடிவங்களே. இரு சாராரும் தூணின்மேல் அரக்கை ஊற்றித் தத்தம் முத்திரையைப் பதிக்கவே அவசரப்படுகின்றனர். 1344இல் கடலாதெனிய விகாரையை எழுப்பிய சிற்பி கணேசுவராசாரி. அவர் பெயரைப் பொறித்திருப்பது சிங்களக் கல்வெட்டு. அதே ஆண்டின் லங்காதிலகப் பாறையில் சிங்கள சாசனத்துடன் தமிழ்ச் சாசனமும் உண்டு. அக்காலத்தார் ஒளிக்காததை இக்காலத்தார் பங்கிட முயல்வது விந்தையே.

பறவையின் பொருளை முத்திரைக்கு வெளியே தேடின் கபிலர் உதவுவார். அகநானூற்றில் தோழி, தானும் தலைவியும் கொண்ட நட்பை, இரு தலைகளும் ஓர் உயிருமுடைய பறவையாகக் காண்கிறாள். பேரரசனின் கழுகு இருபுறமும் பார்த்து ஆள்கிறது. தோழியின் பறவை எவரையும் ஆளவில்லை. பஞ்சதந்திரப் பறவையிலோ ஒரு தலை மற்றதன்மீதுள்ள கோபத்தால் நஞ்சை உண்ண, இரண்டும் மடிகின்றன. எம்பெக்கேச் சிற்பி இவற்றுள் எதனை அறிந்திருந்தான் என்பதைத் தூண் சொல்லவில்லை. இன்னொரு தூணில் இரு அன்னங்கள் கழுத்துப் பின்னி நிற்கின்றன. அவற்றை எந்த அரசனின் சின்னமென்று எவரும் வினவுவதில்லை.