நீர் வடிந்த வழி: நீர்மூழ்கி மாதிரிகளில் வண்ணப் பாணிகளும் தர அளவுகளும்

பீரங்கி வண்டி மாதிரி செய்பவருக்குச் சேறு உண்டு, புழுதி உண்டு, உருமறைப்புக் கோலம் உண்டு. விமானம் செய்பவருக்குச் சின்னங்களும் எண்களும் உண்டு. நீர்மூழ்கி செய்பவருக்கு வாய்ப்பது நீண்டு வழவழத்த சாம்பல் உடல் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரின் ஏழு-சி வகை ஜெர்மன் யூ-போட் 67 மீட்டர் நீளம். அதை 1/72 அளவில் ஒட்டி முடித்தால் ஏறத்தாழ 93 சென்டிமீட்டர் வரும். கை நீளத்தையும் தாண்டிய அந்தப் பரப்பைக் கண் நம்பும்படி செய்வது வண்ணமும், அதன் மேல் ஏற்றும் பழமையும்தான். வெதரிங் என்று நாம் சொல்லும் அந்தப் பழமையேற்றும் கலை, நீர்மூழ்கிக்கென்று தனியாகப் பிறந்ததல்ல. தரைப்படை வாகனங்களைச் செய்தவர்களிடமிருந்து கடன் வாங்கியது. அதன் பலமும் பலவீனமும் அந்தக் கடனிலிருந்தே வந்தவை.

முதல் பாணி 1970, 80களுக்கு உரியது. பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டனும் அமெரிக்காவின் ஷெப்பர்டு பெயினும் அதன் முன்னோடிகள். பெயின் எழுதிய டயோராமா கையேடு 1980இல் வெளிவந்து ஒரு தலைமுறைக்கே பாடநூலானது. கருத்த நீர்மமான வாஷைப் பள்ளங்களில் பாய்ச்சுவது, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை வெளுக்கத் தேய்ப்பது: இவ்விரண்டும்தான் அதன் அடிப்படை. கோபுரத்தின் கைப்பிடிகள், கம்பித் தடுப்பு, தளத்துப் பலகை போன்ற நுண்ணிய உறுப்புகளுக்கு இன்றும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மேடுபள்ளம் இல்லாத பெரிய வயிற்றுப் பகுதியில் உலர் தூரிகை கீறல்களை மட்டுமே விட்டுச் செல்லும்.

அடுத்து வந்தது ஸ்பானியப் பாணி. மிகேல் ஹிமேனெஸ் போன்றவர்கள் 2000களில் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். மேலிருந்து ஒளி விழுவதுபோல ஒரே நிறத்தைப் பல சாயல்களாகப் பூசுவது, மெல்லிய எண்ணெய்ச் சாயப் படலங்களால் நிறத்தை நுட்பமாகத் திருப்புவது, ஹேர் ஸ்ப்ரேயின் மேல் அக்ரிலிக் பூசிப் பிறகு ஈரத் தூரிகையால் உரித்துத் துருவை வெளிக்கொணர்வது என்று அதன் கருவிப்பெட்டி பெரியது. இந்தப் பாணிக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆனால் அதைச் சூத்திரமாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் இருட்டாக்கி நடுவை வெளுக்கவைத்த யூ-போட்டுகளைக் காட்சி மேசைகளில் பார்க்கும்போது மனம் ஒப்புவதில்லை. உடல் முழுக்கக் கட்டங்கள் தெரிகின்றன. கடலில் நிறம் மாறுவது தகட்டின் எல்லையைப் பார்த்தல்ல, நீரின் போக்கைப் பார்த்துத்தான்.

ஜப்பானியச் சிற்றளவு மரபு இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. ஷிசுவோகா நகரத்து நிறுவனங்கள் 1971இல் கூட்டாகத் தொடங்கிய 1/700 வாட்டர்லைன் வரிசை, நீருக்கு மேல் தெரியும் பகுதியை மட்டுமே தந்தது. அந்த அளவில் அடக்கம் கட்டாயம். கணக்கு எளிது: 1/72இல் ஒரு மில்லிமீட்டர் பெயர்ப்பு என்றால் அசலில் 7 சென்டிமீட்டர், 1/350இல் 35 சென்டிமீட்டர், 1/700இல் 70. சின்ன மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குத் துருக்கோடு இழுத்தவர், அசல் கப்பலில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குத் துரு பிடிக்கவைத்துவிடுகிறார். நிறத்துக்கும் இதே கணக்குதான். அசல் கப்பலைத் தொலைவிலிருந்து பார்த்தால் இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே சிறிய மாதிரிக்குச் சுத்தக் கறுப்பு ஆகாது. போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கிகள் பலவும் கறுப்புப் பூசிக்கொண்டவைதான். ஆனால் அவற்றின் மாதிரிக்கு நீலம் கலந்த அடர்சாம்பலே பொருந்தும்.

நான்காவது கூட்டத்தை ஆவணப் பாணியினர் என்பேன். எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்தச் சாயம் என்பதுதான் இவர்களுடைய முதல் கேள்வி. யூ-போட்டின் அடிவயிற்றுக்குச் சிவப்புப் பூசுவது பல காலம் வழக்கமாயிருந்தது. போர்க்காலப் படகுகளுக்கு அடர்சாம்பல் அடிப்பூச்சே உரியது என்று நிலைநாட்டியவர்கள் இவர்கள்தான். தளத்துத் துப்பாக்கியைச் சுற்றி மாலுமிகளின் கால்பட்ட தேய்மானம் வரைகிறோம். 1943க்குள் அட்லாண்டிக் படகுகளின் 8.8 சென்டிமீட்டர் துப்பாக்கிகள் பெரும்பாலும் கழற்றப்பட்டுவிட்டன என்று தெரிந்தவர், பிற்காலப் படகில் அந்தத் தேய்மானத்தைக் கோபுரத்துக்குப் பின்னாலுள்ள விமான எதிர்ப்பு மேடைக்கு மாற்றுவார். கறுப்பு வெள்ளைப் படத்தை இவர்கள் நம்பினாலும் எச்சரிக்கையோடுதான் நம்புவார்கள், ஏனென்றால் ஆர்த்தோகுரோமாடிக் படச்சுருளில் சிவப்பு கறுத்துத் தெரியும்.

அருங்காட்சியகப் படகுகள் அளவெடுக்கவும் வடிவம் பார்க்கவும் பெருந்துணை. கீல் நகருக்கு அருகே லாபோவில் யூ-995 நிற்கிறது, சிகாகோவில் யூ-505. நம் பக்கத்துக்கு எட்டும் தொலைவில், 1969இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்ற சோவியத் கட்டுமானமான ஐ.என்.எஸ். குர்சுரா விசாகப்பட்டினம் கடற்கரையில் இருக்கிறது. வடிகால் துளைகளின் விளிம்பையும் பற்றவைப்புத் தழும்பையும் அருகே நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. நிறத்துக்கு மட்டும் அவற்றைச் சாட்சியாக எடுக்கக் கூடாது. பராமரிப்புக்காகத் திரும்பத் திரும்பப் பூசப்பட்ட பூச்சு அது. கடலில் இருந்த நாளின் பூச்சு அல்ல.

எல்லாப் பாணிக்கும் பொதுவான உரைகல் என்று நான் கருதுவது, நீர் வடிந்த வழி. நீர்மூழ்கியின் அழுத்தம் தாங்கும் உள்ளுடலுக்கு மேலே இலேசான மேற்கூடு ஒன்று உண்டு. மூழ்கும்போது அதற்குள் கடல்நீர் தாராளமாகப் புகும். மேலே வரும்போது பக்கவாட்டுத் துளைகள் வழியே கொட்டும். உப்பும் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த வழியில்தான் இறங்குகின்றன. ஏழு-சி வகையில் துளை வரிசைக்குக் கீழே மிதவைத் தொட்டி பக்கவாட்டில் உப்பி நிற்கும். வடியும் நீர் செங்குத்தாக இறங்கி, அந்த உப்பலின் முதுகில் வேகம் குறைந்து பரவி, வளைவு கீழே திரும்பும் இடத்தில் மறுபடி ஒடுங்கி ஓடும். கோட்டை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தவர் இந்த வளைவைக் கவனிக்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

செய்முறை இப்படி: சாம்பல் காய்ந்ததும் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. எண்ணெய்ச் சாயத்தைக் கொஞ்சநேரம் அட்டையில் வைத்து அதன் ஆளி எண்ணெயை உறிஞ்சவிட வேண்டும், இல்லாவிட்டால் மினுங்கும். துளையின் அடி விளிம்பில் பர்ன்ட் அம்பர் ஊசிமுனைப் புள்ளி ஒன்று. தட்டைத் தூரிகையை ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றிவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் கீழ்நோக்கி ஒரு தொடுகை. கோடு தொடக்கத்தில் குறுகி அடர்ந்தும் முடிவில் கரைந்தும் இருக்க வேண்டும். உப்புக்கு வெளிர்சாம்பல், துருவுக்கு பர்ன்ட் சியன்னா. எல்லாத் துளைக்கும் ஒரே நீளம் கூடாது. சிலவற்றை விட்டுவிடுவதும் வேலையின் ஒரு பகுதி. டீசல் புகைபோக்கிகள் பின்புறப் பக்கவாட்டில் இருப்பதால் கரி அங்கே மட்டும் படியும். நீர்க்கோட்டில் கூர்மையான பிரிவு எதுவும் இருக்காது. பச்சைப் பாசி ஒரு பட்டையாக ஏறி, மேலே உப்பாக வெளுத்துக் கரையும்.

எவ்வளவு துரு என்பதில்தான் ஓயாத வழக்கு. லோதர்-குந்தர் புக்ஹைம் 1941இல் யூ-96இல் பயணம் செய்து எடுத்த படங்களும், அவர் நாவலைக் கொண்டு 1981இல் வந்த திரைப்படமும் களைத்துக் கறைபடிந்த படகை நம் கண்ணில் நிறுத்திவிட்டன. என் பார்வையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது நாள்: லோரியானிலிருந்து புறப்படும் காலையா, பல வாரங்கள் கழித்துத் திரும்பும் மாலையா? புறப்படும் படகில் புதுப் பூச்சும் நனைந்த தளமும் போதும். திரும்பும் படகில் வெளுப்பும் வடிதலும் கூடும். அப்போதுகூட அது மூழ்க வல்ல போர்க்கலம், கைவிடப்பட்ட இரும்பல்ல. கோபுரச் சின்னத்துக்கும் இதே நிதானம் வேண்டும். யூ-96இன் சிரிக்கும் ரம்பமீனும் யூ-552இன் சிவப்புப் பிசாசும் தூரிகையால் வரையப்பட்டவை. ஒட்டுப்படத்தின் அச்சுக்கூர்மையைச் சற்று மழுக்கினால்தான் அவை படகோடு சேரும்.

ரேடியோவால் இயக்கி நிஜமாகவே நீரில் மூழ்கடிக்கும் மாதிரிக்காரர்களைப் போட்டி மேசைகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தூள் நிறமிகள் அவர்களுக்கு உதவா. ஒரே முழுக்கில் கழுவிப் போய்விடும். எல்லாவற்றையும் சாயமாகவே பூசி வார்னிஷால் அடைக்கிறார்கள். ஆனால் நீர் எங்கே தங்குகிறது, எங்கே வழிகிறது என்று கண்ணெதிரே பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களோடு குளக்கரையில் அரைநாள் நிற்பது எந்தக் கையேட்டுக்கும் குறைந்ததல்ல.

மதிப்பிடும் முறையிலும் இரு மரபுகள். 1963இல் பிரிட்டனில் தோன்றிய ஐ.பி.எம்.எஸ். என்ற சர்வதேசப் பிளாஸ்டிக் மாதிரியாளர் சங்கத்தின் வழியில் அடிப்படை வேலைக்கு முதலிடம்: இணைப்புக் கோடு தெரிகிறதா, சுக்கான்கள் நேராக நிற்கின்றனவா, பூச்சில் தூசு இருக்கிறதா. மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துவது அதில் நெடுநாள் வழக்கம். சிகாகோவில் ஷெப்பர்டு பெயின் ஊக்குவித்த திறந்த முறையில், ஒவ்வொரு படைப்பும் ஒரு தர அளவோடு மட்டுமே ஒப்பிடப்படும். தகுதி இருந்தால் எத்தனை பேருக்கும் தங்கம் உண்டு. நீர்மூழ்கிக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. சுத்தமாகப் புறப்படும் படகையும் கறைபட்டுத் திரும்பும் படகையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், கண் கறையின் பக்கமே சாயும்.

இன்னும் தர அளவு உருவாகாத இடம், ரப்பர் ஓடு போர்த்திய இக்கால நீர்மூழ்கிகள். ஒலியை விழுங்கும் இந்தப் போர்வையை ஜெர்மானியர்கள் போர்க்காலத்திலேயே 'ஆல்பெரிஷ்' என்ற பெயரில் நான்கு மில்லிமீட்டர் தடிப்பில் ஒட்டிப் பார்த்தார்கள். பசை விட்டுப்போவதே அவர்களுக்குத் தீராத தலைவலியாக இருந்தது. இன்றைய ஓடுகள் பல சென்டிமீட்டர் தடிப்பானவை. ஆனாலும் பிரிட்டனின் டிராஃபல்கர் வகைப் படகுகள் ஓடு பெயர்ந்து துறைமுகத்துக்குள் வரும் படங்கள் நிறைய உண்டு. ரப்பர் துருப்பிடிக்காது, இங்கே துருக்கோடு இழுப்பது பிழை. உப்பும் பாசியும் பழுப்பேறிய வெளுப்பும்தான் வேலை. பெயர்ந்த இடத்தைக் காட்ட, 1/350இல் ஐந்து சென்டிமீட்டர் ஓட்டுக்கு 0.14 மில்லிமீட்டர் தடிப்பு போதும். செவ்வகமாக வெட்டிய மறைப்பு நாடாவை ஒட்டி, நான்கைந்து பூச்சுப் பிரைமர் ஏற்றி, நாடாவை உரித்தால் அந்தப் படி தானே கிடைக்கும். எந்த ஓடுகள் பெயர்ந்திருந்தன என்பதைக் கற்பனைக்கு விடாமல், குறிப்பிட்ட கப்பலின் குறிப்பிட்ட நாள் படத்தைப் பார்த்துச் செய்து, அந்தப் படத்தையும் மாதிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று நம் போட்டிகளில் விதி கொண்டுவரலாம்.