காவற் பிரிவு

தலைவன் தலைவியை விட்டுப் பிரிவதற்குரிய காரணங்கள் ஆறு என்று இறையனார் களவியல் எண்ணிக் காட்டுகிறது. கல்வி, காவல், பகை தணித்தல், வேந்தனுக்குத் துணை புரிதல், பொருளீட்டல், பரத்தை என்பன அவை. இரண்டாவதாக நிற்கும் காவற் பிரிவு என்னும் தொடரை இன்று கேட்போர் போலீஸ் இலாகாவின் ஏதோ ஒரு கிளையென்றே கொள்வர். கொள்ளட்டும்; அப்பொருளும் நமக்கு இங்கு வேண்டியதே. நாட்டையும் அறநிலையங்களையும் காக்கும் பணிக்காக மனைவியை விட்டுச் செல்லுதல் என்பது பழைய பொருள். நாற்கவிராச நம்பியும் அறப்புறங் காவல், நாடு காவல் என அதனை இரண்டாகப் பகுத்தார். உத்தியோகமும் இல்லறமும் முட்டிக்கொள்ளும் என்பதை அறிந்து, அம்முட்டலுக்கு ஒரு பெயரும் இட்டு வைத்த இலக்கணத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

பெயரிட்டதோடு நில்லாமல் கெடுவும் விதித்தனர். கல்விக்காகப் பிரிபவன் மூன்றாண்டுக்கு மேல் தங்கலாகாது. வேந்தன் தொழிலை மேற்கொண்டவன் ஓராண்டுக்குள் மீள வேண்டும் என்பது தொல்காப்பியர் கற்பியலில் வகுத்த வரம்பு. அரசன் பணி எவ்வளவு பெரிதாயினும் மனைவியின் உரிமை அதனால் அழிந்துவிடாது என்பதன்றோ இதன் உட்பொருள்!

மெச்சுதல் இவ்வளவில் நிற்க. ஓதலும் காவலும் உயர்ந்தோர்க்கே உரியன என்று அதே களவியல் அடுத்த சூத்திரத்தில் வேலி கட்டிவிடுகிறது. உண்மையில் காவல் செய்தவன் யார்? மதுரைக்காஞ்சியைப் படித்தோர் அறிவர். நடு இரவு; நூலேணி முதலிய கருவிகளோடு இருளில் பதுங்கும் கள்வர்; அவர்களைத் தேடிக் கொட்டும் மழையிலும் உறங்காது, வில்லும் அம்புமாகத் தெருத்தெருவாகச் சுற்றும் ஊர்காப்பாளர். நம் மொழியில் ரோந்து போலீஸாரைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் இதுவும் ஒன்று. மாங்குடி மருதனாரின் கண் கூர்மையை வியவாதிருக்க முடியாது. எனினும் அக்காவலன் விடியற்காலையில் நனைந்த உடையோடு எந்த வீட்டுக் கதவைத் தட்டினான்? உள்ளிருந்து யார் திறந்தார்? 782 அடியுள்ள பாட்டில் அதற்கு ஓர் அடியும் இல்லை. முல்லைப்பாட்டிலும் இதே கதைதான். பாசறையில் அரசன் உறங்காதிருக்கிறான். அவனைச் சுற்றி மெய்காப்பாளரும், யவனரும், நாழிகை சொல்வோரும் உறங்காதிருக்கின்றனர். காத்திருக்கும் மனைவி மட்டும் ஒருத்திதான், அவள் அரசி. மற்றவருக்கெல்லாம் மனைவியர் இல்லையா? உயர்ந்தோர்க்கே காவற் பிரிவு என்று இலக்கணம் சொல்லிவிட்டால், காவற்காரன் பெண்டாட்டிக்கு ஏங்கவும் உரிமை இல்லை போலும்!

இவ்வகையில் இளங்கோவடிகள் ஒருபடி முன்னே சென்றவர். கொலைக்களக் காதையில் கோவலனைக் கண்ட காவலர், இவன் குறிகள் கள்வனுடையவை அல்ல என்றே முதலிற் சொல்கின்றனர். பொற்கொல்லன் களவு நூல் பேசி அவர்களை மயக்குகிறான். அப்போது ஓர் இளங்காவலன், முன்னொரு மழையிரவில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த கதையைக் கூறி, அரசன் நம்மை வருத்துவானே, என் செய்வது என்று கேட்கிறான். கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசுகிறான். ஐயம் இருந்தது, அச்சம் அதனை விழுங்கியது. இக்காதையில் பலர் கொலையையே பார்ப்பர். எனக்கு அவ்விளைஞனின் அச்சமே பெரிதாகத் தோன்றுகிறது. உத்தியோகம் போனால் உலை வைக்க முடியாது என்பவனுடைய அச்சம் போல அது ஒலிக்கிறது. ஆயின் அவனுக்கு வீடு உண்டு, அங்கு உலை உண்டு என்பதை அடிகளும் சொல்லவில்லை. நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்பழங்கணக்கை நான் கிளறுவது ஏட்டுச் சுவைக்காக அன்று. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த பிள்ளைகள் போலீஸ் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போதும், அவ்வுத்தியோகத்தில் இருப்பவருக்குப் பெண் பேசும்போதும் எழும் சச்சரவைக் கேட்டவர்க்கு, இதைப் பற்றித் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடத் தோன்றும். ‘மாத்தா’ வேலைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு அவள் இரவெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்பது பெரியவர்கள் வினா. மாத்தா என்றால் மலாயில் கண். ஊருக்குக் கண்ணாயிருப்பவன் வீட்டுக்குக் கண்ணாயிருக்க மாட்டான் என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவை வெறும் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளுவது எளிது. அதன் வேரைப் பார்க்க வேண்டும். தோட்டத்துத் தமிழன் முதன்முதல் கண்ட போலீஸ் எது? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும், துரைமாரைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவினின்று விடுதலையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கியோடு வந்த சர்க்கார். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்த பின்னர் தோட்டங்களைக் காக்கச் சேர்க்கப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட லயங்கள். காட்டிலிருப்போருக்குச் சோறு போய்விடுமென்று பால்வெட்டுக்குப் போகிறவரின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த வாயிற்காவல். 1960 வரை பன்னிரண்டாண்டு இவ்வாறு கழிந்தது. பிறகு, குடியுரிமை இல்லாதாருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்னும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வந்து எத்தனையோ குடும்பங்களைக் கப்பலேற்றியது. சிவப்பு அடையாள அட்டையை வைத்துக்கொண்டிருந்தவன் சர்க்கார் உத்தியோகத்தைக் கனவிலும் காண்பது எங்ஙனம்? தன் சோற்றுச்சட்டியைத் திறந்து பார்த்தவனின் சீருடையைத் தன் மகன் அணிவதற்கு ஒரு தந்தை கூசினால், அக்கூச்சத்தில் வரலாறு இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதை எவரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. அது வீடு. நெகிரி செம்பிலான் மலாய்க்காரரிடை ஆதாட் பெர்ப்பாத்தே என்னும் வழக்கம் உண்டு. ரெம்பாவிலும் குவாலா பிலாவிலும் குலச்சொத்தான நிலம் தாய்வழியே பெண்மக்களுக்குப் போகிறது. மணந்தவன் மனைவி வீட்டுக்குப் போகிறான். ஆண்பிள்ளை படைக்கோ போலீஸுக்கோ வெளியூர் போனாலும் வீடு அசைவதில்லை. ஏனெனில் அது அவனுடையதன்று. அவ்வழக்கத்திலும் குறைகள் இல்லாமலில்லை. அவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதே மாநிலத்தில், அதே சாலையின் மறுபுறத்தில், லயத்து வீடு கம்பெனியின் வீடாக இருந்தது. உழைக்கும் கை உள்ளவரை கூரை; கை ஓய்ந்தால் கூரையும் போயிற்று. பால் வெட்டும் மகன் ஒருவன் உத்தியோகத்துக்குப் போனால் பெரட்டுக்களத்தில் ஓர் ஆள் குறையும். வீட்டின் உரிமையும் அந்த அளவுக்கு ஆட்டங்காணும். அவன் போய்ச் சேரும் இடமோ போலீஸ் குவார்ட்டர்ஸ். அதுவும் வேலையுள்ளவரைதான். கம்பெனி லயத்திலிருந்து சர்க்கார் லயத்துக்கு! இத்தகையோர் இல்லறத்துக்கும் உத்தியோகத்துக்கும் இடையில் நின்று எடை போடும்போது, ஒரு தட்டில் வைப்பதற்குச் சொந்தச் சுவர்கூட அவர்களிடம் இருந்ததில்லை. சிரம்பானையும் நீலாயையும் சுற்றிப் பல இடங்களில் ரப்பர் மரம் போய் எண்ணெய்ப் பனையும் அடுக்கு வீடுகளும் வந்துவிட்ட இந்நாளிலும் அப்பழைய நடுக்கம் பேச்சில் மிஞ்சியிருக்கிறது.

சர்க்கார்களும் இவ்விஷயத்தில் யோக்கியமாக நடந்தன என்று சொல்வதற்கில்லை. பிரிட்டிஷார் அயர்லாந்தில் நடத்திய ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியில் ஏழாண்டுச் சேவை முடியுமுன் காவலன் மணக்கக்கூடாது. சொந்த மாவட்டத்திலும் மனைவி பிறந்த மாவட்டத்திலும் பணி செய்யக்கூடாது. உறவுள்ளவன் உள்ளம் இளகுவான் என்பது அவர்கள் கணக்கு. ஓராண்டுக்குள் திரும்பி வா என்ற தொல்காப்பியருக்கும், ஏழாண்டு மணக்காதே என்ற துரைமாருக்கும் உள்ள வேற்றுமையை வாசகர் தாமே காண்பர்.

இந்நாளையத் தமிழ்க் கலைக்கு வருவோம். தோட்டத்து மக்கள் காவலனின் இல்லறத்தை ஏட்டில் கண்டதைவிடத் திரையில் கண்டதே மிகுதி. 1974இல் வெளிவந்த தங்கப்பதக்கத்தில் சிவாஜி கணேசன் போலீஸ் அதிகாரி சௌத்ரி. தவறு செய்த சிறு மகனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறார், அவன் பகைவனாகத் திரும்புகிறான், மனைவி இறக்கிறாள், மகனைத் தகப்பன் கையே சுட்டு வீழ்த்துகிறது, பதக்கம் கிடைக்கிறது. நடிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கதையின் நியாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பம் முழுவதும் அழிந்த பின்னரே பதக்கம் ஒளிவிடுகிறது. 2003இல் வந்த காக்க காக்கவில் காவல் அதிகாரியின் மனைவியான ஆசிரியை மாயா கொல்லப்படுகிறாள். 2016இன் தெறியில் மனைவியும் தாயும் கொல்லப்பட, அதிகாரி மகளோடு கேரளத்தில் ஒளிந்து வாழ்கிறான். படங்கள் மாறின, பலி மாறவில்லை.

இது ஏன்? கதாசிரியருக்குக் கல்நெஞ்சம் என்று நான் கூறமாட்டேன், சோம்பல் என்பேன். மனைவி உயிரோடிருந்தால் அவள் கேள்வி கேட்பாள். மகள் காய்ச்சலில் கிடந்த இரவு எங்கே இருந்தீர் என்பாள். இடமாற்ற உத்தரவு வந்தால், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னாவது என்பாள். அவற்றுக்கெல்லாம் விடை எழுதுவது கடினம். ஒரு துப்பாக்கி வேட்டில் அக்கடினம் தீர்ந்துவிடுகிறது. தராசில் இரண்டு தட்டுகளையும் ஏற்றி, நிறுக்க வேண்டிய நேரத்தில் ஒரு தட்டைக் கையால் கழற்றிவிட்டு, பார் பார், முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கூவுவதைப் போன்றது இவ்வித்தை. பழம்புலவர் காவலனுக்கு மனைவியைக் கொடுக்கவேயில்லை. புதுப்புலவர் கொடுத்துவிட்டுக் கொன்றுவிடுகின்றனர்.

மலாய்த் திரையில் ஒரு படத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜொகூரில் மூவார் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கெப்போங் காவல் நிலையம் 1950 பிப்ரவரி 23இல் தாக்கப்பட்டது. காவலர் தம் மனைவி மக்களோடு அவ்வளாகத்திலேயே குடியிருந்தனர். இறந்தோரில் குடும்பத்தாரும் உண்டு. ஜின்ஸ் ஷம்சுடின் 1981இல் அதனைப் படமாக்கினார். அது சர்க்காரின் பெருமை பாடும் படம். எதிர்ப்புறத்தாரை அது மனிதராகவே காட்டவில்லை என்று குறை கூறலாம், நானும் கூறுவேன். ஆயினும் உலையும் துப்பாக்கியும் ஒரே வேலிக்குள் இருப்பதை அது மறைக்கவில்லை. கணவன் வீழ்ந்தபின் மனைவி துப்பாக்கியை எடுக்கிறாள். அங்கே மனைவி கதையை நகர்த்தும் ஆள். கதாநாயகனைச் சினமூட்டுவதற்கு வைத்த பிணம் அல்லள்.

இதுவரை காவலன் ஆண் என்றே பேசி வந்தோம். இலக்கணமும் அப்படியே பேசிற்று. கடற் பயணம் பெண்ணோடு இல்லை என்பது தொல்காப்பிய விதி. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அன்றே நம் பாட்டிமார் அவ்விதியை உடைத்தெறிந்தனர். மலாயாப் போலீஸில் 1955இல் பெண்கள் சேர்க்கப்பட்டனர், தமிழ்நாட்டில் 1973இல். தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியான திலகவதி தமிழ் எழுத்தாளரும் ஆவார். 2005இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய கல்மரம் கட்டிடத் தொழிலாளரைப் பற்றிய நாவல். உழைப்பாளரை எழுதியதற்கு அவருக்கு நன்றி செலுத்துகிறேன். ஆனால் சீருடையையும் சமையலறையையும் உள்ளிருந்து கண்ட ஒரு பேனா, பரிசு பெற்ற நூலில் அவ்விரண்டையும் விட்டு வேறிடம் சென்றதில் எனக்கு ஒரு சிறு வருத்தமும் உண்டு.

ஏனெனில் பெண் காவலராகும்போதுதான் பழைய இலக்கணம் முற்றிலும் விழிக்கிறது. மலேசியப் போலீஸ் மத்திய அரசின் படை. ரெம்பாவில் பிறந்தவரைச் சபாவுக்கு அனுப்பலாம். போகிறவள் மனைவியானால் கணவன் முல்லையாயிருந்து ஆற்றியிருப்பானா? தோட்டத்து விவாகப் பேச்சில் மாப்பிள்ளை போலீஸ் என்றால் பெண்வீட்டார் தயங்குகின்றனர். பெண் போலீஸ் என்றால் மாப்பிள்ளை வீட்டார் தயங்குவதோடு நிற்பதில்லை, வேலையை விடச் சொல்லுகின்றனர். ஆணிடம் கேட்பது பொறுமை. பெண்ணிடம் கேட்பது ராஜினாமா! சம்பளம் ஒன்று, சீருடை ஒன்று, சட்டம் ஒன்று. இல்லறம் மட்டும் ஒருத்தியிடம் இருமடங்கு விலை கேட்பானேன்?

என் மேசைக்கு வரும் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் போலீஸ் வந்தால் இரண்டே வேலைதான்: குற்றவாளியைப் பிடிக்க வருவது, அல்லது குற்றமற்றவனை அடிக்க வருவது. இரண்டும் நடப்பவையே, எழுதப்பட வேண்டியவையே. ஆனால் லாபுவிலோ ரந்தாவிலோ லயத்தில் பிறந்த ஒருத்தி, இரவுக் காவல் முடிந்து வந்து, தூங்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பகலில் உறங்குவதற்காகச் சன்னல் திரையை இழுத்துவிடுகிறாள். மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கணவன் பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புகிறான். ஒருவரும் சாகாமல், ஒருவரும் பதக்கம் பெறாமல், ஓய்வு பெறும் நாளில் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரையில் செல்லும் அக்கதையை எழுதியவர் எவரேனும் இருந்தால், அடுத்த வாரமே இப்பகுதியில் அதனை விமர்சிக்கக் காத்திருக்கிறேன்.