சைக்கிள் நிலையம் யார் வாசலில்?

தாய் வெய் 2014இல் பெய்ஜிங் பல்கலைக்கழக நண்பர்களோடு தொடங்கிய ஓஃபோ, நல்ல எண்ணத்தில் பிறந்த நிறுவனம். வளாகத்தில் உன் சைக்கிளைப் பொதுவுக்குக் கொடு, பதிலுக்கு எந்தச் சைக்கிளையும் எடுத்து ஓட்டு என்பதுதான் ஆரம்ப ஏற்பாடு. பிறகு நிறுவனமே மஞ்சள் சைக்கிள்களை ஊரெங்கும் இறக்கியது. செல்பேசியில் எண் வரும். பூட்டைத் திறந்து ஓட்டிப் போய், இறங்கும் இடத்திலேயே விட்டுவிடலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஆனால் தொடக்க காலப் பூட்டுகளில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரே எண்தான், மாறவே மாறாது. ஒருமுறை எண்ணை மனப்பாடம் செய்தவர் மறுநாள் காசில்லாமல் ஓட்டலாம். அதைக்கூட மன்னிக்கலாம். முன்பண விவகாரத்தை மன்னிக்க முடியாது. ஆளுக்கு 99 யுவான், பிறகு 199 யுவான் வாங்கிய நிறுவனத்திடம் 2018 டிசம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். கொடுக்கக் கையில் பணமில்லை. அதே ஆண்டு கோயம்புத்தூருக்கு வந்த ஓஃபோ, சில மாதங்களிலேயே இந்தியாவைவிட்டு மூட்டை கட்டியது. ஊருக்கு எத்தனை சைக்கிள் வேண்டும் என்று கணக்குப் போடாமல், முதலீட்டாளர் பணத்தை நம்பி இறக்கிக்கொண்டே போனதன் விளைவு இது.

வளைகுடா வேறு பாதையில் போனது. அபுதாபியின் யாஸ் தீவில் 2014இல் தொடங்கிய சயக்கிள் என்ற சைக்கிள் வாடகைச் சேவையை, செயலி வழி கார் சவாரி தரும் கரீம் நிறுவனம் 2019இல் வாங்கியது. 2020 பிப்ரவரியில் துபாய் சாலைப் போக்குவரத்து ஆணையத்தோடு சேர்ந்து 78 நிலையங்களில் 780 சைக்கிள்களை நிறுத்தியது. எடுத்த சைக்கிளை ஒரு நிலையத்தில் சேர்த்தால்தான் பயணம் முடியும். நடைபாதையில் குவியலாகக் கிடக்காது. எங்கே எத்தனை நிற்கிறது என்பதும் தெரியும். ஒழுங்கு என்று பார்த்தால் ஓஃபோவைவிட இது பல மடங்கு மேல். அரசு அனுமதியும் நிலையமும் ஒரு தொழிலுக்குத் தடையல்ல, அதைக் காப்பாற்றும் வேலி என்றே நினைக்கிறேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முதலில் நிலையங்கள் வந்த இடங்களில் துபாய் மெரீனா, பாம் ஜுமைரா, டவுன்டவுன், அல் குத்ரா சைக்கிள் பாதை என்று வசதியானவர்கள் வாழும், உலாவும் பகுதிகள்தான் அதிகம். துபாயில் பிழைப்புக்காகத் தினமும் சைக்கிள் மிதிப்பவர் யார்? அல் கூஸ், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்களில் தங்கும் நம் ஆட்களும் வங்காளதேசத்தவரும் பாகிஸ்தானியரும்தான். பின் கேரியரில் கயிற்றால் கட்டிய அட்டைப்பெட்டி, துருப்பிடித்த செயின், விளக்குக் கம்பத்தோடு சேர்த்துப் போட்ட பூட்டு: கேம்ப் ஓரங்களில் இந்தப் பழைய சைக்கிள்களை எப்போதும் பார்க்கலாம். முகப்பு விளக்கில்லாமல் இரவில் ஓட்டுவதன் ஆபத்தும் அவர்களுக்குத்தான். கிரெடிட் கார்டு இல்லாதவருக்கு செயலியில் சந்தா கட்டுவது எளிதில்லை.

கோடையில் நாற்பத்தைந்து டிகிரி தாண்டும் ஊரில் சைக்கிள் எதற்கு என்பார்கள். வெயில் தாழ்ந்த பிறகும் குளிர்காலம் முழுதும் இவர்கள் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போக்குவரத்து ஆணையம் அடுத்த நிலையங்களை கேம்ப் வாசலிலும் அருகிலுள்ள மெட்ரோ வாசலிலும் அமைக்கட்டும். மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ரொக்கம் கொடுத்து நிரப்பும் நோல் பயண அட்டையே அங்கே போதும் என்ற ஏற்பாடும், விளக்கும் ஹெல்மெட்டும் உறுதியாக வேண்டும்.